கட்டளைக்கு ஓர் அடைமொழி

இந்திய இராணுவச் சட்டம் 1950-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன் 41-ஆம் பிரிவு, மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிய மறுக்கும் படைவீரருக்குரிய தண்டனையைக் கூறுகிறது. நேரில் இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே எதிர்த்து மீறுபவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். படைக்கு இத்தகைய கடுமை வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அப்பிரிவை ஊன்றிப் படிப்பவர், ‘கட்டளை’ என்னும் சொல் அங்கே தனித்து நிற்கவில்லை என்பதைக் காண்பர். ‘சட்டப்படியான’ என்ற அடைமொழி அதனோடு சேர்ந்தே வருகிறது. சட்டப்படியான கட்டளையை மீறுவதுதான் குற்றம்.

முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பித்து வருபவன் நான். ‘நஹ்வு’ப் பாடத்தில் ‘ஸிஃபத், மவ்ஸூஃப்’ என்னும் பகுதி வரும்போது, இது எளிய பாடம்தானே என்று மாணவர்கள் விரைந்து கடக்க முயல்வார்கள். பெயருக்குப் பின் வந்து அதன் தன்மையைச் சொல்லும் சொல், அவ்வளவுதான் என்று அவர்கள் எண்ணுவார்கள். பிற்பாடு ‘உஸூலுல் ஃபிக்ஹ்’ என்னும் சட்டமூலக் கலையைப் படிக்கும்போதுதான் அந்தச் சிறு சொல்லின் கனம் அவர்களுக்குப் புலப்படும். வரையறையின்றிப் பொதுவாக நிற்கும் சொல்லை ‘முத்லக்’ என்றும், அடைமொழியால் வரையறுக்கப்பட்ட சொல்லை ‘முகய்யத்’ என்றும் அக்கலை வல்லார் பிரித்துள்ளனர். சட்டம் வரையறுத்துச் சொன்னதை வரையறையை நீக்கிவிட்டு எடுத்தாளுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. படைவீரரின் கீழ்ப்படிதலும் நம் நாட்டுச் சட்டத்தில் ‘முகய்யத்’ ஆகவே இருக்கிறது.

இப்பிரிவை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதி, சில ஆண்டுகள் இலக்கணமும் கற்ற மாணவர் ஒருவர் பின்னர் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். இராணுவத்தின் சட்டக் கிளையில் சேர்வதற்கு விண்ணப்பிக்க அவர் விரும்பினார். அவருடைய தகப்பனார் கடற்கரையில் தோணித் தொழில் பார்த்தவர். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் என்னைப் பள்ளிவாசலில் கண்டு, “ஆலிம்சா, வக்கீலுக்குப் படிச்ச புள்ளை கோர்ட்டிலே வாதாடட்டும். துப்பாக்கி தூக்குறவங்க மத்தியிலே அவனுக்கு என்ன சோலி? அங்கே மேலே இருக்கிறவர் சொல்றதுதானே சட்டம்?” என்று கேட்டார். அவர் வயதில் என்னிலும் மூத்தவர். “படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் காக்கா” என்றேன். அவர் கேட்ட கேள்வி நம் இல்லங்கள் பலவற்றில் எழக்கூடியது. ஆதலின் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இராணுவத்தில் ‘ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்’ என்னும் தலைமைச் சட்ட அதிகாரியின்கீழ் ஒரு கிளை இயங்குகிறது. அதில் பணிபுரிவோர் யாவரும் சட்டப் பட்டம் பெற்றவர்கள். அதே வேளையில் சீருடை அணிந்த அதிகாரிகள். படைத் தலைமையகங்களில் தளபதிகளுக்குச் சட்ட ஆலோசனை கூறுவது அவர்கள் கடமை. குற்றம் சாட்டப்பட்ட படைவீரரை விசாரிக்கும் மன்றத்தைக் ‘கோர்ட் மார்ஷல்’ என்கிறோம். அதன் பெரிய வகையான ‘ஜெனரல் கோர்ட் மார்ஷலில்’ ஐந்து அதிகாரிகளேனும் அமர வேண்டும். சட்டக் கிளையைச் சேர்ந்த ஒருவரும் உடனிருந்து, எப்பக்கமும் சாயாமல் அம்மன்றத்திற்குச் சட்டத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி.

இக்கிளையில் சேரும் பட்டதாரிகள் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் 49 வாரங்கள் பயிற்சி பெறுகின்றனர். 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 1988-இல் அகாதெமி என்ற பெயரைப் பெற்ற நிலையம் அது. மற்றப் பயிற்சி மாணவர்களைப் போலவே இவர்களும் விடியலில் ஓடுகிறார்கள், சுமை தூக்குகிறார்கள், குறிபார்த்துச் சுடக் கற்கிறார்கள். நாளைய அதிகாரிகள் அனைவருக்கும் அங்குப் படைச் சட்டமும் ஒரு பாடம். பணியில் இருக்கும் அதிகாரிகளுக்குச் சட்டம் கற்பிக்க நாகபுரிக்கு அருகில் காம்ப்டியில் தனி நிறுவனமே உள்ளது.

இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தோளில் நட்சத்திரம் தாங்கி வெளியே வந்ததும், அவர் சொல்லுக்கு முப்பது துப்பாக்கிகள் அசையும். அந்த முப்பது பேருள் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தால், அவரும் விசாரணையில் பங்கு கொள்ள நேரிடலாம். ஆகையால் குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரிலேயே சாட்சிகளைக் கேட்க வேண்டும், குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு இடம் தர வேண்டும், அவர்தம் சாட்சிகளையும் கேட்க வேண்டும் என்பனவற்றைக் களத்துக்குச் செல்லுமுன்பே அவர் கற்றாக வேண்டும். சரணடைந்தவரையும் காயமுற்றவரையும் குடிமக்களையும் எவ்வாறு நடத்துவது என்பதும் பாடமே. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கும், அவற்றின் விதிகளைப் படையினரின் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை நிறைவேற்ற இந்தியா 1960-இல் தனிச் சட்டமும் செய்தது.

இவற்றைப் படித்தபோது நான் அயலார் வீட்டில் நுழைந்ததாக உணரவில்லை. நாங்கள் மதரஸாவில் ஓதிய நூல்களிலும் இதே கேள்வி இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி ஆலிம்கள் யாவரும் அறிந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு படையை அனுப்பி, அதற்குத் தலைவராக அன்ஸாரிகளில் ஒருவரை அமர்த்தினார்கள். வழியில் எதனாலோ சினங்கொண்ட அத்தலைவர், விறகு சேர்த்துத் தீ மூட்டச் செய்து, அதற்குள் இறங்குமாறு தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். சிலர் இறங்கவும் எண்ணினர். மற்றவர்களோ, நெருப்புக்கு அஞ்சித்தானே நாம் நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று தயங்கி நின்றனர். அதற்குள் தீ அவிந்தது. தலைவரின் சினமும் தணிந்தது. செய்தி நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது, அவர்கள் இறங்கியிருந்தால் அதிலிருந்து ஒருபோதும் மீண்டிருக்க மாட்டார்கள் என்று கூறி, கீழ்ப்படிதல் ‘மஃரூஃப்’ ஆன காரியத்தில் மட்டுமே என வரையறுத்தார்கள். மஃரூஃப் என்பது நன்மை என எல்லாராலும் அறியப்பட்டது. கட்டளைக்கு இடப்பட்ட அடைமொழி என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிப் படை அனுப்பியபோது, தளபதிக்குப் பத்து அறிவுரைகள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா எடுத்துரைக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லலாகாது. கனி தரும் மரங்களை வெட்டலாகாது. உணவுக்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கலாகாது என்று அவை செல்கின்றன. ஒரு படை புறப்படும் வேளையில், ஆட்சித் தலைவரே சட்ட ஆசிரியராக நின்று நடத்திய பாடம் அது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள், போரிலும் அமைதியிலும் பிற நாட்டாருடன் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைத் தொகுத்து ‘ஸியர்’ என்னும் துறைக்குப் பெருநூல் யாத்தார்கள். நம் கடற்கரை மக்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவர்களிடம் பாடம் கேட்டவர்கள். ஹிஜ்ரி 189-இல், அதாவது கி.பி. 805-இல் மறைந்த ஷைபானீ அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் ரக்காவின் காஜியாகவும் இருந்தார்கள். கிளர்ச்சி செய்த ஒருவருக்குக் கலீஃபா தாமே எழுதித் தந்த அடைக்கல உறுதியைப் பிறகு முறிக்க விரும்பியபோது, அந்த உறுதி செல்லத்தக்கதே என்று ஷைபானீ அவர்கள் தீர்ப்புரைத்ததாகவும், அதனால் கலீஃபாவின் சினத்துக்கு ஆளானதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். பின்னாளில் அவர்களுடைய நூலுக்கு விரிவுரை செய்த இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களும் ஆட்சியாளரின் கோபத்தால் நெடுங்காலம் சிறையில் இருந்தவர்களே. ஆயுதம் தாங்கியவருக்குச் சட்டம் சொல்லுதல் அன்றும் எளிய பணியாக இருக்கவில்லை.

தமிழ் மரபும் இதற்குப் புறம்பானதன்று. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாட்டைத் தமிழ் கற்றோர் அறிவர். அம்பு எய்யுமுன், பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறு பெறாதோரும் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு அறிவித்தல் அறநெறி என்று அப்புலவர் போற்றுகிறார். வள்ளுவரோ, இடுக்கண் உற்ற பகைவருக்கு உதவுவதை வீரத்தின் கூர்மை என்று படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்துச் சொல்கிறார். மதுரையைத் தலைநகராகக் கொண்டு இக்கரையையும் ஆண்ட பாண்டியருக்கு ஒரு புலவர் கூறிய பாராட்டே படைக்குரிய நெறியாக இருந்தது.

நெறி நூலில் இருந்து நெஞ்சில் இல்லாவிடில் என்ன நேரும்? 1956 அக்டோபர் 29-ஆம் நாள் பலஸ்தீனச் சிற்றூரான கஃபர் காஸிமில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். சூயஸ் போர் தொடங்கிய அன்று, இஸ்ரேல் எல்லைக்குள் இருந்த அரபுச் சிற்றூர்களில் மாலை 5 மணி முதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஊர்த் தலைவருக்குச் செய்தி வந்ததே ஏறக்குறைய அரைமணி நேரத்துக்கு முன்புதான். வயலுக்கும் வேலைக்கும் சென்றிருந்த மக்கள் அதை அறியமாட்டார்கள். அறியாமல் வீடு திரும்பியவர்களை எல்லைக் காவல் படையினர் நிறுத்தி வைத்துச் சுட்டனர். பெண்களும் சிறுவர்களும் உட்பட ஏறக்குறைய 50 பேர் இறந்தனர். இதில் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே படைப் பிரிவைச் சேர்ந்த வேறு அதிகாரிகள், அதே கட்டளையைப் பெற்றிருந்தும், தங்கள் பொறுப்பிலிருந்த ஊர்களில் மக்களை வீடு சேர விட்டனர். கட்டளை ஒன்றுதான், அதைக் கேட்ட அதிகாரிகள் வேறு வேறானவர்கள்.

1958-இல் அந்நாட்டு இராணுவ நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. வெளிப்படையாகவே சட்டத்துக்கு மாறான கட்டளைமீது கருங்கொடி பறப்பதுபோல் அதன் தீமை தெரியும்; அதற்குப் பணிந்தவர் கட்டளையைக் காட்டித் தப்ப முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் தண்டனைகள் குறைக்கப்பட்டு, 1960-க்குள் யாவரும் விடுதலையாயினர். மேலிருந்த படைத் தலைவருக்கோ மிகச் சிறு காசு ஒன்றே அபராதமாயிற்று. நல்ல தீர்ப்பும் நீதியும் எப்போதும் உடன் செல்வதில்லை. இருந்தபோதிலும், வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளை என்னும் அக்கருத்து உலகெங்கும் படைச் சட்ட வகுப்புகளில் இன்று பேசப்படுகிறது.

கடலுக்குச் சென்று திரும்புகிறவரைப் பற்றி நினைக்காமல் நம் கரையில் இருப்பவரால் இந்நிகழ்ச்சியைப் படிக்க இயலாது. கரையில் என்ன ஆணை பிறந்தது என்பதை நடுக்கடலில் இருப்பவர் எங்ஙனம் அறிவார்? இராமநாதபுரம் கடற்கரை ஆயுதங்களின் அண்மையில் வாழும் கரை. உச்சிப்புளியில் கடற்படையின் வானூர்தித் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் நிலையம் இருக்கிறது. அக்கரையிலோ கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்தது.

1983-இல் இலங்கையிலிருந்து ஏதிலிகள் வரத் தொடங்கியபோது நான் சிறுவன். 1990-இல் போர் மீண்டும் மூண்டு, படகு படகாக மக்கள் வந்திறங்கியபோது மதரஸா மாணவன். எங்கள் ஜமாஅத்தார் சமைத்த சோற்றை மண்டபம் முகாமுக்குக் கொண்டு சென்றவர்களுள் நானும் இருந்தேன். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுப் பகல் முழுதும் வெயிலில் கிடந்தவர்களை அங்கே கண்டேன். தாங்கள் பட்டதைச் சொல்லும்போது, எந்தப் படை, எந்த இயக்கம் என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை. ‘துவக்குக்காரர் வந்தார்கள்’ என்றே சொன்னார்கள். துவக்கு என்பது அவர்கள் பேச்சில் துப்பாக்கி. சீருடையின் நிறம் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். அவ்வாணையை வீடு வீடாக நிறைவேற்றியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுள் ஒருவன் மனம் கலங்கியிருந்தாலும், ‘இக்கட்டளைக்கு நான் பணிய வேண்டியதில்லை’ என்று பற்றிக்கொள்ள அவனுக்கு ஒரு சட்டம் இருந்ததா?

சட்டம் உடைய அரசின் படையும் தவறாது என்று சொல்ல வரவில்லை. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணப் பெரிய மருத்துவமனையில் நுழைந்த வேளையில், நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தப் படைக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. ஜெனீவா உடன்படிக்கையும் இருந்தது. ஆகவே வகுப்பறையில் கற்ற பாடம் இருளிலும் அச்சத்திலும் நினைவில் நிற்க வேண்டும். குர்ஆனை மனனம் செய்யும் மாணவரை மீண்டும் மீண்டும் ஓத வைப்பது ஏன்? தொழுகையில் நிற்கும்போது தேடாமல் நாவில் வர வேண்டும் என்பதற்காகவே. சுடும் பயிற்சி கைக்குப் பழகுவதுபோல் சுடாதிருக்க வேண்டிய இடமும் மனத்துக்குப் பழக வேண்டும். ஒரு முறை படித்துத் தேர்வெழுதி மறக்கும் பாடமாக அது இருந்தால் பயனில்லை.

சட்டம் கற்றவர் இல்லாத இடத்தில் ‘சட்டப்படியான’ என்ற அடைமொழி எவ்வாறு தேய்ந்து போகும் என்பதற்கு நம் நாட்டு வழக்கு ஒன்றே போதும். சிக்னல் படைப் பிரிவு வீரர் ஒருவர், அதிகாரி ஒருவர் தம்மைத் துன்புறுத்துவதாக உயரதிகாரிகளுக்கு நேரடியாக முறையிட்டார். அதற்காக அவருக்கு 28 நாள் கடுங்காவல் கிடைத்தது. அத்தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கையில், 1985 மே மாதத்தில், உணவை உண்ணுமாறு இடப்பட்ட கட்டளைக்குப் பணியவில்லை என்று இதே 41-ஆம் பிரிவின்கீழ் அவர்மீது குற்றம் சாட்டினர். விசாரணை ‘சம்மரி கோர்ட் மார்ஷல்’ என்னும் சுருக்க முறையில் நடந்தது. அவர் யார்மீது முறையிட்டாரோ அந்த அதிகாரியே அதில் அமர்ந்தார். ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும் தீர்ப்பாயின.

ரஞ்சித் தாகூர் வழக்கு என்று சட்ட நூல்களில் வழங்கும் இவ்வழக்கில், 1987 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது. விசாரிப்பவர்மீது தமக்கு ஆட்சேபம் உண்டா என்று குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தாமே வழக்கின் ஒரு பக்கமாக இருப்பவர் நடுவராக முடியாது. தண்டனையும் குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாதது. மூன்றுமே சட்டத்தின் முதற்பாடங்கள். அங்கே அமர்ந்த அதிகாரிக்கு அவற்றை எவரேனும் வேளையறிந்து நினைவூட்டியிருந்தால், ஒரு வீரர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்திராது. இராணுவ மன்றங்களின் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடேனும் வேண்டும் என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது. அதற்கான தீர்ப்பாயச் சட்டம் 2007-இல்தான் வந்தது. அத்தீர்ப்பாயத்தின் அமர்வு ஒன்று சென்னையிலும் உள்ளது.

சட்ட அதிகாரியின் நிலை இடர் மிக்கது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் யாருக்குச் சட்டம் சொல்கிறாரோ அவரே பதவியில் அவருக்கு மூத்தவராக இருப்பார். ‘இது சட்டப்படி கூடாது’ என்று தளபதியிடம் எழுத்தில் தருவதற்குக் கல்வியோடு நெஞ்சுரமும் வேண்டும். ஷைபானீ அவர்கள் கலீஃபாவின் முன் நின்ற நிலை அது.

நம் பெண்மக்களுக்கும் இத்துறை அடைபட்டதன்று. 1992-இல் பரங்கிமலையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மகளிர் அணியில் முதல் எண்ணைப் பெற்றவர் பிரியா ஜிங்கன் என்னும் சட்டப் பட்டதாரி. 1993 மார்ச் மாதம் அதிகாரியானதும் அவர் சேர்ந்தது இந்தச் சட்டக் கிளையில்தான். ஆடவருக்கு மிகுதியாகவும் மகளிருக்குக் குறைவாகவும் இக்கிளையில் இடங்களைப் பகுத்து வைத்த முறை செல்லாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இவற்றையெல்லாம் நான் அந்தத் தகப்பனாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “தண்டல் சொன்னா பாயை இறக்கணும். காத்து மாறுற நேரத்திலே ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. ஆனா, தோணியைப் பாரிலே ஏத்துன்னு சொன்னா, சுக்கான் பிடிக்கிறவன் கேக்கத்தானே வேணும்? அந்தப் பார் எங்கே கிடக்குன்னு சொல்லிக் கொடுக்கிற வேலைதானா ஆலிம்சா இது?” என்றார். கடலடிப் பாறைத் திட்டுகளைப் பாரென்று வழங்கும் கரையில் வாழ்பவர் அவர். நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் தம் தொழிலின் சொல்லில் அடக்கிவிட்டார். மகன் விண்ணப்பிப்பதற்கு அன்றே இசைவு தந்தார்.

நம் குடும்பங்களில் சட்டம் பயில்வோர் இப்போது பெருகி வருகின்றனர். வழக்கு மன்றத்தில் பொருளும் புகழும் ஈட்டுவது நன்றே. அவர்களுள் ஒருவரோ இருவரோ, நாளைய அதிகாரிகளின் முன் நின்று அந்த ஓர் அடைமொழியை விளக்கும் ஆசிரியராக வருவார்களாயின், அதன் பயன் எங்கோ ஒரு சிற்றூரில், ஏதோ ஒரு கரையில், அவர்களுடைய பெயரையே அறியாத ஒரு குடும்பத்தைச் சென்றடையும். மாலையில் வேலை முடிந்து திரும்பும் ஒருவர் தம் வீட்டு வாசலைப் பத்திரமாக மிதிப்பார். அத்தகைய ஆசிரியர்களை அல்லாஹ் நம் பிள்ளைகளிலிருந்தும் உண்டாக்குவானாக.